தோருன் திடுக்கிட்ட கதை

எங்கள் ஊர் நகரசபை உறுப்பினர் ஒருவர், ஒரு ஜனவரி மாதக் கூட்டத்தில், தன் வீட்டு மின்கட்டணச் சீட்டைப் பிரித்துப் பார்த்துத் திடுக்கிட்டார். அப்போது அவர் கையில் காப்பி இருந்தது. பக்கத்தில் மேயர் இருந்தார். காப்பி மேயரின் மடியில் கொட்டியது. வேறு ஊராக இருந்தால் மேயர் கால்சட்டையைத் துவைக்கப் போட்டிருப்பார். எங்கள் ஊரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

தரைச்சூட்டுச் செலவு முன்மதிப்பீட்டு அலுவலகம் என்பது பலகையில் இருக்கும் பெயர். ஊரில் அதைத் திடுக்கிடல் அலுவலகம் என்றுதான் சொல்வோம். இது நார்வேயின் உள்பள்ளத்தாக்கு. அக்டோபரில் உறையும் தண்ணீர் ஏப்ரலில்தான் மனம் மாறும். இங்கே குளியலறை ஓடுகளுக்குக் கீழே மின்கம்பி பதித்துத் தரையைச் சூடாக்காத வீடு, கதவில்லாத வீடு மாதிரி. அப்படிப்பட்ட ஊரில் அந்த அலுவலகம் கொண்டுவந்த விதி எளிமையானது. தரையைச் சூடாக்க மாதம் எவ்வளவு செலவாகும் என்பதை அலுவலகம் முன்கூட்டியே மதிப்பிடும். மதிப்பீட்டைக் கூட்டம் போட்டு, வீட்டுக்காரர் முன்னால் வாசிப்பார்கள். அவர் திடுக்கிடாமல் கேட்டுக்கொண்டால் தரையைப் போட்டுக்கொள்ளலாம். திடுக்கிட்டால் மதிப்பீடு ரத்து, மறுபடி முதலிலிருந்து. அதுவரை குளியலறைச் சுவரில் தரைச் சூட்டை இயக்கும் குமிழின் மேல் சிவப்பு முத்திரை ஒட்டியிருக்கும்.

எல்லாம் மக்களின் நன்மைக்காக. எதிர்பாராத கட்டணம் வந்து யாருக்கும் இதயம் நின்றுவிடக் கூடாது அல்லவா? அந்த வகையில் அலுவலகம் வெற்றிதான். அது திறந்ததிலிருந்து கட்டணம் பார்த்து ஒருவருக்கும் இதயம் நிற்கவில்லை. சளி, மூட்டுவலி, நிமோனியா எல்லாம் வேறு துறையின் கணக்கு.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் தோருனும் ஹல்வோரும். தோருன் பள்ளத்தாக்குப் பேருந்தை ஓட்டுகிறாள். ஹல்வோர் முன்பு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். மூட்டுவாதம் முற்றி, போன இலையுதிர்காலத்தில் இடுப்பு எலும்பை மாற்றினார்கள். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தோருன் குளியலறைத் தரையைத் தோண்டிக் கம்பி பதித்து, சாம்பல் நிற ஓடு போட்டு முடித்துவிட்டாள். வெதுவெதுப்பான காய்ந்த தரையில்தான் அவன் நிற்க வேண்டும், ஈரத்தில் வழுக்கிவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியன் கம்பியை இணைத்தார். கையோடு சிவப்பு முத்திரையையும் ஒட்டினார். ஒட்டாவிட்டால் அவர் உரிமம் போய்விடும்.

தோருன் திடுக்கிடல் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், எனக்கு அந்தப் பக்கம் ரொட்டி வாங்க வேண்டியிருந்தது. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனோம். முன்கூடம் முழுக்கத் தரைச் சூடு. கால் வழியாக ஏறி முதுகு வரை இதமாகப் பரவியது. இயக்குநர் எய்லிஃப் பிரெக்கே தாமே எழுந்துவந்து வரவேற்றார். வட்ட முகம், மென்மையான குரல், கம்பளிச் சட்டையில் அலுவலகச் சின்னம்.

"ஒரே ஒரு சின்ன விஷயம் எய்லிஃப். என் குளியலறை ஆறு சதுர மீட்டர். மாசம் எவ்வளவு ஆகும்னு சொல்லிட்டீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன். வெளிய பஸ் எஞ்சினை ஓட விட்டுட்டு வந்திருக்கேன்," என்றாள் தோருன்.

எய்லிஃப் புன்னகைத்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் அப்பாக்கள் அப்படிச் சிரிப்பார்கள்.

"பெருக்கிச் சொல்லிடலாம்னு நினைக்கிறீங்க, இல்லையா? எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. இத்தனை வாட்டு, இத்தனை மணி நேரம், யூனிட் இவ்வளவு. பெருக்கினா ஒரு எண் வந்துடும். அங்கதான் ஆபத்தே தோருன்! எண் வந்தா ஜனங்க நம்பிடுவாங்க. நம்புறவங்கதான் திடுக்கிடுறாங்க. இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், யாரும் நம்புற மாதிரி ஒரு எண்ணை நாங்க குடுத்ததே இல்ல. எங்களுக்கு அதுல ரொம்பப் பெருமை."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். நீங்க வாழுங்க. நாங்க வந்து பார்க்கிறோம்."

வந்தார்கள். சிக்னே என்ற கள ஆய்வாளரை அனுப்பினார்கள். இளம்பெண். விதிப் புத்தகத்தை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தவள். மனிதர்கள் மேல் அவளுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. நல்ல எண்ணமும் கிடையாது. ஹல்வோர் வீட்டுக்கு வந்து ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. முதலில் எதிர்பார்ப்பு நேர்காணல்.

"சூடுன்னு சொன்னா உங்க மனசுல என்ன வருது?"

"சூடுதான் வருது," என்றான் ஹல்வோர்.

"வேற?"

"குளிரலையேன்னு ஒரு சந்தோஷம்."

"சந்தோஷம்," என்று சிக்னே முணுமுணுத்தாள். "எதிர்பார்ப்பு அதிகம்னு போட்டுக்கறேன். அதிகம்னா கண்காணிப்பு ரெண்டு மடங்கு."

கண்காணிப்பு என்றால், குளியலறைத் தரையில் வீட்டார் கால் எத்தனை முறை படுகிறது, எவ்வளவு நேரம் படுகிறது என்று பார்ப்பது. சிக்னே குளியலறை மூலையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாகரிகம் தெரிந்தவள், அதனால் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு காதால் எண்ணினாள். ஹல்வோர் பாவம், கூச்சத்தில் மூத்திரம் வராமல் நின்றான். சும்மா நின்ற நேரமும் கணக்கில் ஏறியது.

"ஏம்மா சிக்னே, தரை ஐஸ் மாதிரி இருக்கு. அதனாலதான் நான் ஒத்தக் கால்ல மாத்தி மாத்தி நிக்கிறேன். சூடா இருந்தா ரெண்டு காலும் ஊணி நிப்பேன். அப்ப உன் கணக்கு தப்பாகாதா?" என்று ஒருநாள் கேட்டான்.

சிக்னே கட்டியிருந்த துணிக்குள்ளேயே யோசித்தாள். "நல்ல கேள்வி. சூடான தரையில நீங்க எப்படி நிப்பீங்கன்னு பார்க்கணும்னா தரையைச் சூடாக்கணும். அதுக்கு மதிப்பீடு முடியணும். மேல கேட்டுச் சொல்றேன்."

மேலே கேட்டாள். நல்ல கேள்வி என்றுதான் மேலேயும் சொன்னார்கள்.

முதல் வாசிப்புக் கூட்டம் டிசம்பரில் நடந்தது. எய்லிஃப் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மதிப்பீட்டை வாசித்தார். சந்தையில் மின்சார விலை மணிக்கு மணி மாறும், காற்று மாறும், மனித மனம் மாறும், ஆகவே இந்தக் குளியலறைத் தரைக்கு மாதம் குறைந்தபட்சம் ஒன்றுமில்லை, அதிகபட்சம் நாற்பத்தோராயிரம் குரோனர் ஆகலாம் என்றார்.

விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்ப்பது சிக்னேயின் வேலை. "இடது புருவம்," என்றாள்.

"என்ன புருவம்?" என்று கேட்டாள் தோருன்.

"தூக்குனீங்க."

"நாற்பத்தோராயிரமா! அந்தக் காசுக்கு ஸ்பெயின்ல போய் உக்காந்துட்டு வருவேனே!"

"வாயாலயும் திடுக்கிட்டார்னு சேர்த்துக்கறேன்," என்றாள் சிக்னே. மதிப்பீடு ரத்தானது.

அடுத்த கூட்டத்துக்குத் தோருன் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் போனாள். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. ஆனால் வீட்டில் பிடித்த சளி போன இடத்திலும் விடவில்லை. 'நாற்பத்தோ' என்று எய்லிஃப் சொல்லும்போது ஒரு தும்மல் வந்துவிட்டது. உடல் அதிர்வு. ரத்து.

"ஒரு தும்மலுக்காகவா?"

எய்லிஃப் அவள் தோளைத் தட்டினார். "நீங்க எங்களைக் கடுமையானவங்கன்னு நினைக்கிறீங்க. நாங்க அக்கறையானவங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னுதான் இத்தனையும். இந்த அக்கறைக்கு நகரசபை வருஷா வருஷம் பட்ஜெட்டைக் கூட்டிக் குடுக்குதுன்னா சும்மாவா?"

ஹல்வோர் தரையின் குளிர் தாங்காமல் ஒரு யோசனை செய்தான். கூடத்தில் கிடந்த கலைமான் தோலை எடுத்துக் குளியலறையில் போட்டு அதன் மேல் நின்று முகம் கழுவத் தொடங்கினான். கால் குளிராமல் இருந்தது. ஆனால் வழவழப்பான ஓட்டின் மேல் தோல் நிற்குமா? ஜனவரியில் ஒருநாள், தோருன் பேருந்தில் இருந்த நேரம், அது அவனை ஏற்றிக்கொண்டு சறுக்கியது. சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. மாற்றுச் சாவி எங்களிடம் இருந்தும் நான் உடனே போகவில்லை. எதையோ கீழே போட்டிருப்பான் என்று நினைத்தேன். பிறகு போனபோது அவன் ஓட்டின் மேல் கன்னம் பதியக் கிடந்தான். உதடுகள் நீலம். மாற்றிய இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு உடைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் சொன்னான்: "தரை எவ்வளவு குளிர்னு நான் மதிப்பிட்டுட்டேன்ப்பா. அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடு."

நான் சிரிக்கவில்லை. அவன் நடுக்கத்தில் பல் பட்டு நாக்கில் ரத்தம் வந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எய்லிஃப் பிரெக்கே பூங்கொத்தோடு வந்தார். தோருன் கட்டிலருகே சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் சன்னல் பக்கம் நின்றேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கு ஹல்வோர்," என்றார் எய்லிஃப். "ஆனா இதையும் நல்ல விதமா பார்க்கணும். நீங்க விழுந்தீங்க, உண்மைதான். கட்டணம் பார்த்து விழல. அந்த ஆபத்துலேர்ந்து உங்களை நாங்க காப்பாத்தியிருக்கோம்." பிறகு தோருன் பக்கம் திரும்பினார். "இந்த நேரத்துல சொல்லக் கூடாது, ஆனா விதி. வீட்டுல கால் எண்ணிக்கை பாதியா குறைஞ்சிருக்கு. பழைய கண்காணிப்பு செல்லாது. அவர் திரும்பி வந்தப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடலாம். அவசரமே இல்ல."

தோருன் பூங்கொத்தை வாங்கித் தண்ணீரில் வைத்தாள். "நன்றி எய்லிஃப்," என்றாள்.

தோருன் உரக்கக் கத்தினால் அவள் பேருந்தில் வரும் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மெதுவாக நன்றி சொன்னால் இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவார்கள். எய்லிஃப் எப்போதும் காரில்தான் போவார். அவருக்கு அது தெரியாது.

மறுவாரம் அவள் திடுக்கிடல் அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை ரொட்டி வாங்க வேண்டியில்லாமலே நானும் போனேன். வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். வெறுங்காலோடு முன்கூடத்து நடுவில் போய் நின்று, விரல்களை விரித்து, தரையை நன்றாக அனுபவித்தாள்.

"ஆஹா," என்றாள். "சிக்னே, இங்க வாம்மா. ஒரு தரையில கால் வெச்ச யாரும் அதுக்கு மதிப்பீடு கேக்கலாம். விதி அப்படித்தானே?"

"ஆமா. 'அத்தரையில் காலூன்றிய எவரும்'," என்றாள் சிக்னே.

"நான் காலூணிட்டேன். இந்தத் தரைக்கு மதிப்பீடு எங்க?"

அறையிலிருந்து எய்லிஃப் சிரித்துக்கொண்டே வந்தார். "நல்ல தமாஷ்! இது எங்க தரை தோருன். விதி வர்றதுக்கு முன்னாலயே போட்டது."

"'எந்தத் தரையும்'னு இருக்கு," என்றாள் சிக்னே. விதியின் அழகு ஒருவர் கண்ணில் முழுதாகத் தெரியும் தருணத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அவள் முகம் ஒளிர்ந்தது. "முன்னால, பின்னாலன்னு எதுவும் இல்ல. நீங்கதானே எழுதினீங்க. அந்த வரியைப் பாராட்டி உங்களுக்குக் கேடயம்கூடக் குடுத்தாங்களே."

"சிக்னே..."

"மனு வந்தாச்சு. முடியற வரைக்கும் அணைக்கணும்." இழுப்பறையிலிருந்து சிவப்பு முத்திரையை எடுத்து, ஈரப்படுத்தி, சுவர்க் குமிழைத் திருப்பி அணைத்து, அதன் மேல் ஒட்டினாள். குமிழில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. வெளியே பனி பொழிந்துகொண்டிருந்தது.

எய்லிஃப் மேயருக்குப் போன் செய்தார். தேர்தல் வரும் வருடம் அது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மேயர் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, அதைச் செய்தித்தாளுக்கும் சொன்னார்.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. சிக்னே கண்ணைக் கட்டிக்கொண்டு முன்கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இயக்குநரின் காலடியைக் காதால் எண்ணினாள். எய்லிஃப் குதிகால் ஊன்றுகிறார், நுனிக்காலில் நடப்பதில்லை, ஆகவே சூட்டை அதிகம் உறிஞ்சுகிறார் என்று கண்டுபிடித்தாள். அவருக்கும் எதிர்பார்ப்பு நேர்காணல் நடந்தது. சூடு என்றால் என்ன வருகிறது என்று அவள் கேட்டபோது அவர் கண் கலங்கியதாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் வேறு அடுப்பு கிடையாது. தரைச் சூட்டை மட்டும் நம்பிக் கட்டியது. ஊழியர்கள் பனிச்சறுக்கு உடையில் வந்தார்கள். பேனா எழுதவில்லை. கழிப்பறைக் குழாய் உறைந்து வெடித்து, முன்கூடம் முழுக்கத் தண்ணீர் பரவி, விடிவதற்குள் வழவழவென்று உறைந்தது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சறுக்குக் காலணியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தரைக்கான முதல் வாசிப்புக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் ஹல்வோரைக் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தினேன். எய்லிஃப் ரோமத் தொப்பிக்குள்ளிருந்து மூச்சுப் புகைய வாசித்தார்: "மாதம் குறைந்தபட்சம் ஒன்றுமில்லை. அதிகபட்சம் ஒன்பது லட்சம் குரோனர்."

எல்லோரும் தோருனைப் பார்த்தார்கள். அவள் மிக நிதானமாக இடது புருவத்தைத் தூக்கினாள்.

"புருவம்," என்றாள் சிக்னே.

அடுத்த கூட்டத்தில் தோருன் "ஐயோ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்ததில் கையில் காப்பிக் கோப்பை கொண்டுவந்து கீழே போட்டாள். மேயர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார். பேருந்தில் ஏறுபவர்கள், "இந்த வாரம் எப்படித் திடுக்கிடப் போற?" என்று கேட்டுத்தான் சீட்டு வாங்கினார்கள். ஹல்வோர் படுக்கையில் கிடந்தபடியே அவளுக்குப் பயிற்சி கொடுத்தான். "கையைத் தூக்காதே, நாடகம் மாதிரி இருக்கு. கண்ணை மட்டும் பெரிசாக்கு," என்பான். வலி மாத்திரை இல்லாமல் அவன் தூங்கிய இரவுகள் அந்தப் பயிற்சிக்குப் பிறகு வந்தவைதான்.

மார்ச் மாதம் எய்லிஃப் பாதாம் கேக்கோடு தோருன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள வாங்க. கூடத்துல ஹல்வோர் படுத்திருக்கார், தொந்தரவு பண்ண வேணாம். இங்க பேசலாம்," என்று தோருன் அவரைக் குளியலறைக்குள் கூட்டிப்போனாள். கதவைத் திறந்தே வைத்தாள். காலுறையோடு அவர் சாம்பல் ஓட்டின் மேல் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலைத் தூக்கினார். பிறகு இன்னொரு காலை.

"நான் நல்ல மனுஷன் தோருன்," என்றார். "என் ஆளுங்க பாதிப் பேர் காய்ச்சல்ல கிடக்கிறாங்க. எனக்கே சளி. இதுக்கு மேல தாங்காது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஒரு எண். அன்னிக்குக் கேட்டேனே."

அவர் கால் மாற்றினார். "எத்தனை சதுர மீட்டர்?"

"ஆறு."

"சதுர மீட்டருக்கு நூறு வாட்டு. அறுநூறு. ஒரு நாளைக்குப் பாதி நேரம்தான் ஓடும், சூடு வந்ததும் தானா நிக்கும். ஏழே கால் யூனிட். யூனிட்டுக்கு எல்லா வரியும் சேர்த்து ஒண்ணே கால் குரோனர்." மறுபடி கால் மாற்றினார். "மாசம் இருநூத்தி எழுபது. குளிர் கடுமையா இருந்தா முந்நூறு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வெளியே போய் ஒரு பீட்சா சாப்பிடும் காசு. கூடத்தில் ஹல்வோர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

தோருன் முகம் கல் மாதிரி இருந்தது. "நான் திடுக்கிடல," என்றாள். "நீங்களே பார்த்துக்கோங்க."

எய்லிஃப் தன் கையாலேயே சிவப்பு முத்திரையைக் கிழித்துக் குமிழைத் திருப்பினார். குமிழில் சின்ன விளக்கு எரிந்தது. "அப்ப வியாழக்கிழமை கூட்டத்துல நீங்களும்..."

"கட்டாயம் வர்றேன்," என்றாள் தோருன்.

வியாழக்கிழமை ஊரே கூடியது. எய்லிஃப் இந்த முறை தாளையே எடுக்கவில்லை. கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மடமடவென்று சொன்னார்: "முன்கூடம் நூறு சதுர மீட்டர். பத்தாயிரம் வாட்டு. பாதி நேரம். மாசம் நாலாயிரத்து ஐந்நூறு குரோனர். முடிஞ்சது."

தோருன் எழுந்து நின்றாள். வாய் மெல்லத் திறந்தது. கண்கள் பெரிதாயின. இத்தனை நாள் பயிற்சியில் அப்படி ஒன்றை அவள் செய்ததே இல்லை.

"திடுக்கிட்டார்," என்றாள் சிக்னே, மூச்சே விடாமல்.

"எதுக்கு?" எய்லிஃபின் குரல் உடைந்தது. "இது நியாயமான எண்! கூட்டிச் சொல்லல, குறைச்சுச் சொல்லல! எதுக்குத் திடுக்கிடறீங்க?"

"எண்ணைக் கேட்டு இல்ல எய்லிஃப்," என்றாள் தோருன். "அது இவ்வளவு சுலபமா வந்துடுச்சே, அதைப் பார்த்துத்தான்."

பிறகு பின்வரிசையில் ஒரு பால்பண்ணைக்காரர் எழுந்தார். இரண்டு குளிர்காலமாக அவர் வீட்டில் முத்திரை இருந்தது. "எனக்கு எட்டு மீட்டர். சொல்லு எய்லிஃப்."

எய்லிஃப் சொன்னார். அதற்குள் அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவர். உறைந்த முன்கூடத்தில் நின்றபடி அவர் இருட்டும் வரை பெருக்கிக்கொண்டே இருந்தார். பெருக்கப் பெருக்க ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய் முத்திரையைக் கிழித்தார்கள். தடுக்க யாருமில்லை, தடுப்பவர்கள் எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தரை ஒன்றுதான் மிச்சம். அது ரத்து.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் தோருன் திடுக்கிட்டாள். ஒரு தடவை ஹல்வோரே சொன்னான், "போதும் விடும்மா. அந்த ஆளுக்கு மூக்கு நுனி கறுத்துப் போச்சு. பார்க்கச் சகிக்கல." ஹல்வோரால் அப்போது ஊன்றுகோலோடு அடுப்பு வரை நடக்க முடிந்தது. அதற்கு மேல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோருன் அவன் காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

ஜூன் மாதத்தில் இரவே இல்லாத நாட்கள் வந்தன. புல் முழங்கால் உயரம் நின்றது. வெயிலில் தார்ச்சாலை இளகியது. அந்த வாரக் கூட்டத்தில் எய்லிஃப் நம்பிக்கை இழந்த குரலில் எண்ணை வாசித்தார். தோருன் கோடை உடையில், கைகளை மடியில் கட்டிக்கொண்டு, ஏரியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் அசையவில்லை. சிக்னே அருகே வந்து குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"திடுக்கிடல," என்றாள்.

எய்லிஃப் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். நிஜமாகவே அழுதார். "முடிஞ்சுது," என்றார். "நன்றி தோருன். எல்லாம் முடிஞ்சுது."

"அடுத்த விதி என்னம்மா சிக்னே?" என்று மெதுவாகக் கேட்டாள் தோருன்.

சிக்னே விறைப்பாக நின்று ஒப்பித்தாள். "மதிப்பீடு ஏற்கப்பட்டதும் அதன் உண்மையைச் சரிபார்க்கும் பொருட்டு, தரையை அன்றே முழுச் சூட்டில் இயக்க வேண்டும். கோடை முடியும் வரை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. சன்னலைத் திறந்தால் கணக்குப் பிழையாகும் என்பதால் சன்னல்கள் மூடியிருக்க வேண்டும்." பிறகு அவள் சுவரருகே போய்ச் சிவப்பு முத்திரையைக் கவனமாக உரித்தாள். குமிழைக் கடைசி வரை திருப்பினாள்.

ஜூலையில் ஹல்வோரும் தோருனும் அந்த அலுவலகத்துக்கு எதிரே, மரநிழலில் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நானும் சில நாள் கூட உட்காருவேன். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எய்லிஃப் பிரெக்கே, சட்டை உடம்போடு ஒட்ட, இரண்டு காலையும் மேசை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிக்னே முக்காலியில் கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஹல்வோர் கையில் வழிந்த ஐஸ்கிரீமை நக்கிவிட்டுக் கேட்டான், "போதுமா தோருன்? இப்பவாவது மனசு ஆறிச்சா?"

தோருன் அவன் ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவைத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் குச்சி ஐஸை இன்னொரு கடி கடித்தாள்.

"இன்னும் ஆகஸ்ட் இருக்கே," என்றாள்.